ஆறு, அறுபது

அக்தாவிலிருந்து அல்மாத்திவரை
திரையில் ஒரு சிவப்புக் கோடு இழுத்து வைத்திருக்கிறேன்.
காஸ்பியன் கரையில் கிளம்பும் ஒளி
வழியில் எங்கேனும் ஒருமுறை
இறங்கி முகம் கழுவிக்கொள்ள வேண்டும்.
எங்கே என்பதுதான்
இந்த வாரம் எனக்குச் சம்பளம் தரும் கேள்வி.

எண்பது கிலோமீட்டருக்கு ஒரு பெருக்கி.
சோர்ந்த ஒளியைத் தூக்கி நிறுத்தும்.
பிரித்தறியத் தெரியாது அதற்கு.
சொல்லோடு சேர்த்து
சொல்லில் ஒட்டிய தூசையும் பெருக்கும்,
தன் பங்குக்கு ஒரு சிட்டிகை தூவியும் விடும்.
முப்பதாவது பெருக்கியைத் தாண்டும்போது
வெளிச்சத்துக்குக் குறைவில்லை;
எது ஒன்று எது சுழி என்றுதான் தெரியாது.

புதுப்பிப்பான் வேறு ரகம்.
ஒளியை வாசலோடு நிறுத்தி
உள்ளே மின்சாரமாக்கிப் படித்து
பழையதைக் கீழே போட்டுவிட்டுத்
தன் கையால் புதிதாய் எழுதி அனுப்பும்.
விலை அதிகம்.
"ஒட்டகத்துக்குத் தண்ணீர் மாதிரி" என்பாள் மக்பால்,
"எத்தனை நாள் என்று கேட்காதே,
எந்தக் கிணறுவரை என்று கேள்."

இரவு இரண்டு மணிக்கு நிரல் விடை சொன்னது:
ஒன்றே போதும். போஸ்துபே.
ரயில் நிற்காத ஒரு நிறுத்தம்.
தகரக் குடில், டீசல் தொட்டி.
கணக்கில் மிச்சம் பூஜ்ஜியம் புள்ளி நான்கு டெசிபல்.
மின்சாரம் போனால்
மின்கலம் அறுபது மணி நேரம் தாங்கும்.
காப்பு வழி வடக்கே போகிறது,
இரண்டும் ஒரே பாலத்தில் ஏறவில்லை.
சேமித்தேன். தேநீர் வைத்தேன்.

காலையில் சம்பிரதாயத்துக்கு ஒரு தொலைபேசி.
எடுத்தது ஒராஸ்பெக். பின்னால் காற்று.
சொன்னதைத் திருப்பிச் சொல்வது அவன் வழக்கம்.
ரேக் இரண்டு.
— ரேக் இரண்டு.
இழை பதினேழு.
— இழை பதினேழு.
மின்கலம் அறுபது மணி.
காற்று மட்டும் கேட்டது.

"அல்த்தி" என்றான். "அல்பிஸ் இல்லை.
அறுபது யார் சொன்னது? ஆறு.
பனிப்புயல் மூன்று நாள் நிற்கும்,
கலம் ஆறு மணி நிற்கும்,
மீதிக்கு டீசலோடு நான் நிற்பேன்,
கதவு திறந்தால்."

எங்கள் மொழியில்
ஆறுக்கும் அறுபதுக்கும் முதல் அசை ஒன்றே.
வாலைக் காற்று கடித்துக்கொண்டு போனால் போயிற்று.

பட்டியலைத் தோண்டினேன்.
இந்த ஆண்டுக் கோப்பில் அறுபது.
அது பார்த்து எழுதிய போன ஆண்டுக் கோப்பிலும் அறுபது.
எல்லாவற்றுக்கும் அடியில்
இரைச்சலான ஒரு தொலைபேசிக்குப் பிறகு
யாரோ தட்டிய ஒற்றை வரி.
யாரோ என்ன,
ஓரத்தில் இருப்பது என் பெயர்.

எங்கும் மங்கவில்லை அந்த எண்.
போன இடமெல்லாம் அதைப் படித்திருக்கிறார்கள்,
ஓரம் செதுக்கியிருக்கிறார்கள்,
பளிச்சென்று எழுதி அடுத்தவருக்கு அனுப்பியிருக்கிறார்கள்.
தவறாகப் படிக்கும் புதுப்பிப்பான்
தவறையே தூய்மையாக எழுதும்.
பெருக்கி கொண்டுவரும் தவறிலாவது
கொஞ்சம் தூசு இருக்கும்,
பார்த்ததும் கண் உறுத்தும்.

மறுபடி வரைந்தேன்.
போஸ்துபேயில் வெறும் பெருக்கி.
ஷல்கரில் ஒன்று, கிசிலோர்தாவில் ஒன்று:
ஒன்று இரண்டானதில்
மக்பால் நாக்கைச் சப்புக்கொட்டினாள்.
ஷல்கருக்குக் கிழக்கே
முப்பத்தொன்றாம் நிறத்தில் ஏற்கெனவே வேறு யாரோ போகிறார்கள்.
பரவாயில்லை.
எழுதும் கை மாறும் இடத்தில் மையும் மாறலாம்:
உள்ளே முப்பத்தொன்று, வெளியே பதினான்கு.

மாலையில், எல்லாம் முடிந்தபின்,
அவனை இன்னொரு முறை அழைத்தேன்.
ஆறு என்று திருத்திவிட்டேன், ஆறுதானே?

— ஆறு, என்றான் ஒராஸ்பெக்.
— குளிரில் ஐந்து.